அத்தைக்கு நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

ஒன்பது வயதில் நான் டீச்சர் ஆகிவிட்டேன். மாணவி ஒருத்திதான். அவளும் சொந்த அத்தை, அம்மாவுடைய தம்பியின் மனைவி. ஐம்பதுகளின் கடைசி அது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், கடைவீட்டு மாடியில் எல்லோரும் ஒன்றாகக் குடியிருந்தோம். மாமா கப்பல் கம்பெனியில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பினால், மனுஷன் அங்கே ஒரு இந்திக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்து கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தம்பிக்கு ஊரில் பெண் பார்த்து வைத்திருந்த அம்மாவுக்கு அது ஆறவே இல்லை. அத்தைக்குத் தமிழ் தெரியாது, மலாயும் தெரியாது. அந்த வீட்டில் மாமா ஒருவர்தான் அவளுக்குப் பேச்சுத்துணை.

அந்த மாமா, வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். சாயங்காலம் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் அப்பா, அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்வார். அத்தை கதவருகே நின்று அவர் முகத்தையே பார்ப்பாள். உடனே அப்பா அவள் பக்கம் திரும்பி, "பாகுஸ், பாகுஸ்" என்று தலையாட்டுவார். நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். மலாயில் அவள் கற்றுக்கொண்ட முதல் சொல் அதுதான். அதை அவள் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தால் மாமாவும் ஏதோ சிரித்துப் பேசி மழுப்பி அனுப்பிவிடுவார்.

பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருந்த பால்காரர்களுக்கு இந்தி தெரியும். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அப்பா அந்தப் பேச்சை எடுத்தார். "வாயும் வயிறுமா இருக்கிறவகிட்ட என்னத்தச் சொல்றது? பிள்ள பொறக்கிற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்" என்று அம்மா ஒரே அடியாக முடித்துவிட்டாள். எனக்கு அதில் பாதிகூடப் புரியவில்லை.

ஒரு மத்தியானம் அத்தை என் இங்கிலீஷ் ரீடரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன் வாயைத் தொட்டுக் காட்டி, "டாக்டர்" என்றாள். டாக்டரிடம் தானே பேச வேண்டுமாம். அதற்குமேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு வகுப்பைத் தொடங்கிவிட்டேன்.

பாவம், என்னிடம் மாட்டிக்கொண்டு அவள் பட்ட பாடு. இந்தியில் சாமான்களுக்குக்கூட ஆண் பெண் உண்டு போலிருக்கிறது. நாற்காலியை 'ஷீ' என்பாள், தண்ணீர்ப் பானையை 'ஹீ' என்பாள். எல்லாமே 'இட்'தான் என்று நான் ஸ்கேலால் தட்டினால், அப்படியா என்பதுபோல் பானையைப் பரிதாபமாகப் பார்ப்பாள். வினைச்சொல்லைக் கொண்டுபோய்க் கடைசியில் வைப்பாள். அது தமிழ்க்காரியான எனக்கும் உள்ள வியாதி என்பதால் பெரிய மனது பண்ணி விட்டுவிடுவேன். 'ஹீ இஸ் எ பாய்' என்று படிக்கச் சொன்னால் மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பாள். அவர்கள் வழக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. 'அவர்' என்றால் அவளுக்கு ஒரே ஒருவர்தான். புத்தகத்துப் பையன் எந்தப் பக்கத்தில் பந்து விளையாடினாலும் அவளுக்கு மாமாதான் விளையாடினார்.

அப்பாவுக்கு வேலை முடிய நேரமாகும் என்று தெரிந்த ஒரு நாள், அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். அதனால் வராந்தாவிலேயே காத்திருந்தோம். டாக்டர் வெளியே வந்ததும் அத்தை முன்னால் போய் நின்றாள். "டாக்டர், ஹவ் இஸ் ஹீ?"

ஒரு பிழை இல்லை. பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

யார், பேர் என்ன என்று டாக்டர் கேட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அம்மாவுக்கு அவர் தம்பி, அப்பாவுக்கு மச்சான். வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "மாமா" என்றேன். டாக்டர் விழித்தார். அத்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு கட்டிலைக் காட்டினாள். டாக்டர் அந்தக் கட்டிலைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு குனிந்து என் தோளில் கைவைத்து, எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார். எங்களால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டோம், இனி அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், அப்பாவை நாளைக்கு வந்து பார்க்கச் சொல். எல்லா வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

"ஹீ இஸ் கமிங் ஹோம்" என்று அத்தையிடம் சொன்னேன்.

"ஹோம்?"

"ஹோம்."

அத்தை என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களைச் சொடுக்கிக்கொண்டாள். பஸ்ஸில் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ரவையை நெய்யில் வறுத்து அல்வா கிளறினாள். மாடியில் இருந்த எல்லாக் குடித்தனத்துக்கும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா வந்ததும், டாக்டர் சொன்னதை அதே இங்கிலீஷில் ஒப்பித்தேன். சபாஷ் என்பார் என்று பார்த்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னங்க?" என்றாள் அம்மா. அப்பா தலையை மட்டும் அசைத்தார்.

அந்த வாரமே மாமா டாக்ஸியில் வீட்டுக்கு வந்தார். பிறந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் அவரைத் தூக்கிக்கொண்டுபோன நாளைவிட எனக்கு நினைவில் நிற்பது அந்த அல்வாச் சாயங்காலம்தான்.

அத்தை தட்டோடு அப்பா முன்னால் வந்து நின்று, "ஹீ இஸ் கமிங் ஹோம்" என்றாள். "யெஸ்மா, யெஸ்" என்றார் அப்பா, அவளைப் பார்க்காமலே. அத்தை ஒரு விள்ளல் எடுத்து அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள். அவள் சமைத்த எதையும் அம்மா அதுவரை தொட்டதில்லை. அன்றைக்கு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். "நல்லாருக்குடி" என்று சொல்லி அத்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவே இல்லை. அம்மா அழுதாள், அத்தை சிரித்தாள்.

ஒரு வழியாக இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது என் இங்கிலீஷ்தான் என்று நினைத்துக்கொண்டு, நான் இரண்டாவது முறையாக அல்வா கேட்டேன்.