வாசலில் நின்ற டேங்க்

முதல் உலகப் போரில் சேற்றையும் முள்கம்பியையும் மிதித்துப் போன டேங்க், சிட்டியில் ஒரு கண்காட்சிக் கூடத்தின் வாசலில் நுழைய முடியாமல் நின்றுவிட்டது. அசல் இல்லை, துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் அசல் அளவில் செய்த மாதிரி. மறுநாள் திறப்பு விழா. கனரக மெஷின்களை இடம் மாற்றும் எங்கள் ரிக்கிங் கம்பெனியில் நான் சூப்பர்வைசர்.

அளவெடுத்தவன் என் கீழே வேலை பார்க்கும் காதர். மெஷினின் அடிப்பாகத்தை அளப்பதுதான் எங்கள் பழக்கம். லேத்தானாலும் பிரஸ்ஸானாலும் அடிப்பாகம்தான் அதிக அகலம். பட்டறையில் டேங்க் தார்ப்பாய்க்குள் இருந்ததாம். இவன் ஓரத்தைத் தூக்கி அடியை அளந்துகொண்டு வந்துவிட்டான். தார்ப்பாய்க்குள் பக்கத்தில் பிதுங்கியதைச் சாரக்கட்டு என்று நினைத்தானாம். முதலில் வந்த டேங்குகளுக்குத் தலையில் சுழலும் கூண்டு கிடையாது. பீரங்கிகள் இரண்டு விலாவிலும் இரும்புப் பெட்டிகளில் துருத்திக்கொண்டிருக்கும். அது எங்களுக்கு எங்கே தெரியும்?

போன மாதம்தான் ஒரு லிஃப்ட் கதவைக் கீறியதற்கு, "இன்னொரு தப்புன்னா வேற வேலை பாத்துக்க லா" என்று பாஸ் அவனிடம் சொல்லியிருந்தார்.

"அண்ணே, கதவு நிலைய வெட்டிடலாமா?" என்றான் காதர்.

"வெட்டு. அப்புறம் பாஸ் நம்மள வெட்டட்டும்."

சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது கண்காட்சிப் பொறுப்பாளர் மாலதி வந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அங்கிள், சைடு பாக்ஸக் கழட்டுங்க."

"வெல்டிங் இல்லையாம்மா?"

"போல்ட்டுதான். அந்தக் காலத்துலயும் இதே பிராப்ளம் லா. அகலம் ஜாஸ்தி, ட்ரெயின்ல போகாது. பெட்டியக் கழட்டி ஏத்துவாங்க, இறக்கின எடத்துல மாட்டுவாங்க. அதே மாதிரி வேணும்னு பட்டறையில சண்டையே போட்டேன்."

டேங்க் உடம்பெல்லாம் பொய் ரிவெட் ஆணிகள். அவற்றின் நடுவே நிஜ போல்ட்டுகளைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தோம். பெட்டிகளைச் செயின் பிளாக் சங்கிலியில் கட்டி இறக்கியதும் டேங்க் ஸ்கேட் உருளைகளில் சாதுவாக உள்ளே போனது. அங்கே பெட்டிகளை மறுபடி மாட்டினோம். காதர் தரையிலேயே உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான்.

பாஸ் போன் செய்தார். நான் ஏதாவது சொல்லி மழுப்புவதற்குள் காதர் போனை வாங்கிக்கொண்டான்.

"பாஸ், அளவு எடுத்ததுல தப்பு என்னோடது."

"உள்ள போயிடுச்சா?"

"போயிடுச்சு பாஸ்."

"அப்ப போய்ச் சாப்பிடு லா."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு: தார்ப்பாயை முழுதாக விலக்கிவிட்டு அளவெடுங்கள். அப்படியும் சிக்கிக்கொண்டால், கதவை வெட்டும் முன், அந்தப் பொருளைச் செய்தவன் அதை எப்படி வெளியே கொண்டுபோனான் என்று கேளுங்கள். அவனுக்கும் ஒரு வாசல் இருந்திருக்கும்.