சாக்கடை என்றால் எந்தச் சாக்கடை

என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, நாற்பது வயதுக்கு மேல்தான் நீச்சல் கற்றுக்கொண்டார். அதுவரை ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் போயிற்று. தண்ணீரில் நடங்கள், வலி குறையும் என்றார் மருத்துவர். "நடக்கப் போனவ மிதந்துட்டா" என்று அப்பா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அத்தை மிதந்ததோடு நிற்கவில்லை. கடற்கரையை ஒட்டிய தெருவில்தான் அவர் வீடு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கூட்டம் சேர்ந்ததும் கடை வேலையை விட்டுவிட்டார். தண்ணீரைக் கண்டாலே அலறுகிற பிள்ளைகளைத்தான் அவரிடம் அனுப்புவார்கள். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு அடியில் ஒரு கையை மட்டும் கொடுப்பார். "சொல்லாம விடமாட்டேன்" என்பார். சொல்லாமல் விட்டதும் இல்லை. தெருவில் அவருக்கு நீச்சல் டீச்சர் என்றுதான் பெயர்.

கடலிலிருந்து வரும் பிள்ளைகள் உப்பும் மணலுமாக வீட்டுக்குப் போக வேண்டாம் என்று, தன் வீட்டுக்குப் பின்னால் குளியலறையும் கழிப்பறையும் கட்டினார். அதைக் கட்டிய பிறகு அம்மாக்கள் இன்னும் நிம்மதியாகப் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

என் தங்கையும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். போன வருடம் அவளுடைய இடது காதில் சீழ் வைத்தது. மருந்து போட்டால் நிற்கும், பத்து நாளில் திரும்பி வரும். கடைசியில் அந்தக் காது பாதிக்கு மேல் கேட்காமல் போய்விட்டது. அசுத்தமான தண்ணீர் காரணமாக இருக்கலாம் என்றார் காது மருத்துவர். அதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அத்தைக்கு அந்த ஒரு வார்த்தை போதும். தங்கையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அவர்தான். பிள்ளைகள் குளிக்கும் தண்ணீரைச் சுத்தமாக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

எங்கள் கரையில் மணலுக்கு நடுவே ஒரு பெரிய குழாயின் வாய் இருக்கிறது. தெருவில் பெய்கிற மழைத்தண்ணீர் எல்லாம் அதன் வழியாகத்தான் கடலுக்கு வரும். மழையே இல்லாத நாளிலும் அதிலிருந்து என்னவோ வடிந்துகொண்டே இருக்கும். நகராட்சி அடிக்கடி சிவப்புப் பலகை வைக்கும்: இங்கே குளிக்க வேண்டாம். பலகை இருக்கும் நாளில் அத்தைக்கு வகுப்பு இல்லை.

யார் காரணம் என்பதில் அத்தைக்குச் சந்தேகமே இல்லை. அவர் வீட்டுக்கு எதிரே ஒரு வாட்டர் சர்வீஸ். காரும் லாரியும் கழுவுகிற கடை.

"என்ன டீச்சரம்மா, காலையிலயே முறைப்பா?" என்பார் கடைக்காரர்.

"உன் எண்ணெயில என் பிள்ளைங்க குளிக்குது."

"வழுக்கிக்கிட்டு இன்னும் வேகமா நீந்துமே. எனக்கு நீங்க ஃபீஸ்ல பங்கு தரணும்."

அத்தை அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நகராட்சியிடம் பேசத் தொடங்கினார். அங்கே இருக்கிற ஒவ்வொரு நாற்காலிக்கும் அவரைத் தெரியும். கடற்கரையைச் சுத்தமாக்க அரசு தரும் பொதுப்பணத்தை எங்கள் ஊரும் கேட்க வேண்டும் என்று விடாமல் நச்சரித்தார். கடைசியில் மக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். பள்ளி முடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அத்தையின் பின்னால் ஓடுவதே ஒரு வேலையாக இருந்தது.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ரோடு பூரா பள்ளம். பணத்தைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டணுமா?" என்று கேட்டார்.

அத்தை எழுந்தார். "ரோட்டுல பள்ளம் இருந்தா நீங்க சுத்திப் போயிடுவீங்க. தண்ணிக்குள்ள இருக்கற பிள்ளை எங்கங்க சுத்திப் போகும்?"

கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

நகராட்சியின் பொறியாளர் ஒரு இளம் பெண். திட்டத்தை அவர் விளக்கினார். குழாயின் வாயில் குப்பையும் எண்ணெயும் வடிகட்டும் தொட்டி கட்டுவார்கள். மழைத்தண்ணீர் மண்ணிலேயே இறங்கத் தெருவோரங்களில் செடிப் பள்ளங்கள் தோண்டுவார்கள். வீட்டுக் கழிவை மழைநீர்க் குழாயில் தப்பாக இணைத்திருப்பவர்கள் தாங்களாக முன்வந்தால், அதையும் திட்டப் பணத்திலேயே மாற்றிக்கொடுப்பார்கள்.

அத்தைக்கு அந்தக் கடைசி விஷயம் பிடிக்கவில்லை. மறுபடியும் எழுந்தார். "தப்பா விட்டவனுக்கு எதுக்கு ஊர்ப்பணம்? அபராதம் போடுங்க. பேரை எழுதித் தெருமுனையில ஒட்டுங்க." கூடமே கை தட்டியது.

பணம் ஒதுக்கப்பட்டது. முதல் வேலை, குழாயில் யாருடைய கழிவு வருகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்கு ஒரு சாயப் பொடி இருக்கிறது. கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அந்தத் தண்ணீர் போகும் வழியெல்லாம் பச்சையாகிவிடும். ஆபத்தில்லாத பொடி. எங்கள் தெருவில் தொடங்குவதாகப் பொறியாளர் சொன்னார்.

"முதல்ல என் வீட்டுல ஊத்துங்க" என்றார் அத்தை. "அப்புறம் வாட்டர் சர்வீஸ். கேட்டவ வீட்டையே சோதிச்சாச்சுன்னா எவனும் வாயைத் திறக்க முடியாது."

சோதனையன்று காலை என்னைக் குழாயின் வாய்க்கு அருகே போனோடு நிற்கவைத்தார்கள். மெல்லிய ஓடைபோலத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அத்தை வீட்டு வாசலில் அம்மாக்கள், பொறியாளர், வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதி. பின்னால் இருக்கும் கழிப்பறையில் ஊற்றிவிட்டதாக அத்தையே போனில் சொன்னார். குரலில் ஒரு கொண்டாட்டம்.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. நான் ஒரு நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஓடை பச்சையாக இருந்தது. லேசான பச்சை இல்லை. கிளிப்பச்சை. அது மணலில் இறங்கி, வளைந்து, அத்தை பிள்ளைகளை மிதக்கவிடும் ஆழமில்லாத இடத்துக்குப் போய்ப் பரவியது. போனை எடுத்தேன்.

"அத்தை, பச்சை வந்துடுச்சு."

"அதெப்படி? வாட்டர் சர்வீஸ்ல இன்னும் ஊத்தவே இல்லையே."

நான் ஓடைக்கு அருகே குனிந்து பார்த்தேன்.

"ஏய், நல்லாப் பாருடி. பாசியா இருக்கும்."

"பாசி இல்ல அத்தை."

முழங்கால் வலிக்காரர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. வந்தார். பார்த்தார். தண்ணீரில் இறங்கி அந்தப் பச்சையைக் கையில் அள்ளினார். விரலிடுக்கில் அது வழிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் வந்த அம்மாக்கள் மணலிலேயே நின்றுவிட்டார்கள்.

"டீச்சர், பின்னாடி அந்த பாத்ரூம் கட்டும்போது எதுல இணைச்சாங்க?" என்று மெதுவாகக் கேட்டார் பொறியாளர்.

"பிளம்பர் கேட்டார். சாக்கடையில விட்டுடுங்கன்னு சொன்னேன்."

"எந்தச் சாக்கடை?"

"சாக்கடைன்னா சாக்கடைதான்மா. அதுல எதா இருந்தா என்ன?"

இரண்டு இருந்தன. வீட்டு வாசலில் இரண்டு மூடிகள். தள்ளி இருப்பது கழிவுநீர்க் குழாய். சுத்திகரிக்கும் இடத்துக்குப் போகும். கிட்டே இருப்பது மழைநீர் வடிகால். எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராகக் கடலுக்கு வரும். எங்கள் தெருவில் வடிகால் என்ற வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அடியில் ஓடுவது எதுவானாலும் சாக்கடைதான். பிளம்பருக்கும் அப்படித்தான். பள்ளம் தோண்டுவது மிச்சம் என்று கிட்டே இருந்ததில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அத்தை ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ப் பேசினார், ஆனால் அவர் காதிலும் மழைநீர் வடிகால் என்பது சாக்கடைக்கு அதிகாரிகள் வைத்த பெயராகவே விழுந்திருக்கிறது.

அடுத்து வாட்டர் சர்வீஸில் வேறு நிறத்தில் ஊற்றினார்கள். கடலுக்கு எதுவும் வரவில்லை. அத்தை கடைக்காரரைப் பார்த்தார். அவர் வழக்கம்போலக் கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் செய்யவில்லை.

"எனக்கு உரிமம் தரும்போதே எண்ணெய்த் தொட்டி, குழாய் எல்லாம் பார்த்துட்டுத்தான் தந்தாங்க, டீச்சரம்மா" என்றார். "வீட்டையெல்லாம் யார் வந்து பார்க்கறா?"

அத்தை நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பொறியாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பின்னாடி பாத்ரூம், டாய்லெட் ரெண்டையும் பூட்டுங்க. இந்த வாரமே மாத்திடலாம். திட்டத்துல பணம் இருக்கு."

"ஊர்ப்பணம் எனக்கு வேண்டாம். அபராதம் போடுங்க. என் பேரை ஒட்டுங்க."

"ஒட்டினா நீங்க மட்டும் மாட்டுவீங்க. இந்தத் தெருவுல இன்னும் எத்தனை வீடு இப்படி இருக்கோ. உங்க நிலைமையைப் பார்த்துட்டு ஒருத்தராவது கதவைத் திறப்பாங்களா? நீங்க வாங்கினாத்தான் மத்தவங்க வருவாங்க."

அத்தை வாசலில் இருந்த இரண்டு மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "எல்லாருக்கும் முன்னாடி வாங்கறேன். எதுக்கு வாங்கறேன்னும் நானே சொல்றேன்" என்றார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்போதும் நேராகச் சமையலறைக்குப் போகிறவர் அன்று கூடத்து நாற்காலியில் விருந்தாளிபோல உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, பாத்ரூம் கட்டிய நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் வரை எல்லாவற்றையும் சொன்னார். எதையும் சுற்றிவளைக்கவில்லை. பிளம்பர் மேல் பழி போடவில்லை. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

தங்கை அத்தையின் வலப்பக்கம், தன் கேட்காத காது அவர் பக்கமாக இருக்க உட்கார்ந்திருந்தாள். "என்ன சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

நான் சொல்ல வாயெடுத்தேன். அத்தை கையைக் காட்டி என்னை நிறுத்தினார். எழுந்து, அவளுடைய மறுபக்கம் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.

அவள் யோசித்தாள். "அந்த பாத்ரூமுக்கு நானும் போவேனே அத்தை. அப்போ கடல்ல என்னோடதும் இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"அப்போ நானேதான் என் காதைக் கெடுத்துக்கிட்டேனா?"

அத்தை ஒரு கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். "இல்லடா கண்ணு. நீ இல்ல. உன்னால இல்லவே இல்ல" என்றார்.

அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "மத்த அம்மாங்க வீட்டுக்கெல்லாம் எப்போ போறீங்க, அண்ணி?"

"நாளைக்குக் காலையில. ஒவ்வொரு வீடா."

"எனக்கு உங்க மேல கோபம் இருக்கு. எப்போ போகும்னு எனக்குத் தெரியல." அம்மா அத்தையின் கையிலிருந்த தம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தார். "ஆனா தனியாப் போகாதீங்க. நானும் வர்றேன்."