நாவுக்குக் காவல் இட்ட மாலைகள்

இக்குறிப்பை நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் உறவினரிடையே வழங்கிவரும் ஒரு கதை. பெருந்தொற்றுக் காலத்தில் என் மனைவி நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் வாய் திறவாமல் நோன்பிருந்தாள் என்றும், அதன் பயனாக அயல்நாட்டில் சாகக் கிடந்த எங்கள் மகன் உயிர்பிழைத்தான் என்றும் அக்கதை சொல்கிறது. அண்மையில் ஒரு திருமண வீட்டில் உறவுப்பெண் ஒருத்தி, தன் மகளின் தேர்வு முடிவுக்காக அதே நோன்பைத் தொடங்கியிருப்பதாக என் மனைவியிடமே பெருமையாகக் கூறினாள். என் மனைவி உண்டுகொண்டிருந்த இலையை மூடிவிட்டு எழுந்தாள். நடந்தது அதுவன்று. நடந்ததை முழுதும் அறிந்தவர் மூவரே. அவருள் மூத்தவன் நான். என் நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவைப்பது கடமை என்று கருதினேன்.

எனக்கு எண்பது நிறைந்ததையொட்டித் திருக்கடையூரில் வழிபாடு செய்வதற்காக மகனும் மருமகளும் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தனர். மகன் நுரையீரல் மருத்துவன். மருமகள் யூதக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் மகனை மணந்ததில் அவள் சமூகத்தார் சிலருக்கு வருத்தம் இருந்தபோதும், தன் நெறியை அவள் கைவிடவில்லை. அவர்களும் அவளைக் கைவிடவில்லை. தமிழை என் மகனிடம் கற்றாளாதலின், அவள் வாயில் நூல்தமிழ் வராது. எங்கள் ஊர் மன்னார்குடிப் பேச்சுதான் வரும். விழா முடிந்ததும் மகன் பணிக்குத் திரும்பினான். சில வாரங்கள் எங்களோடு தங்கிச் செல்வதாக மருமகள் இருந்துவிட்டாள். அதற்குள் வானூர்திகள் நின்றன. சாலைகள் அடைபட்டன. எங்கள் தெருவின் இரு முனைகளிலும் சவுக்குக் கம்புகளைக் குறுக்கே கட்டினர்.

பிறகு செய்தி வந்தது. நோயாளிகளைக் காக்கச் சென்ற மகனையே நோய் பற்றிக்கொண்டது. தான் பணிசெய்த மருத்துவமனையிலேயே அவன் படுத்திருந்தான். அங்கிருந்து நாளுக்கு ஒருமுறை தொலைபேசி வரும். அவர்களுக்குக் காலை; நமக்கு விளக்கு வைக்கும் வேளை. பகல் முழுவதும் அந்த ஒலியை எதிர்நோக்கியிருப்போம்; ஒலித்ததும் எடுக்க அஞ்சுவோம். என் மனைவி மட்டும் தொலைபேசிக்குப் பக்கத்தில் அமரமாட்டாள். அடுக்களை வாயிலில் நின்று மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மருமகளின் ஊரில் அவள் சமூகத்துப் பெண்கள் இரண்டு காரியங்களைத் தொடங்கியிருந்தனர். முதலாவது, தங்கள் மறைநூலிலுள்ள தாவீதின் பாடல்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாளும் நூல் முழுவதும் ஓதப்பெறுமாறு செய்வது. மருமகளும் தன் பங்கைப் பின்கட்டு அறையில் நின்று எபிரேயத்தில் ஓதுவாள். எருசலேம் இருக்கும் திசை என்பதால் மேற்கு நோக்கி நிற்பாள். “பாயும் இந்தப் பக்கந்தானே கும்புடறாரு,” என்று என் மனைவி முதல் நாளே சொன்னாள். பாய் என்று அவள் குறித்தது தெருக்கோடி மளிகைக்கடைக்காரரை. நாங்கள் இவ்வூரில் குடியேறிய நாள்முதல் அரிசியும் பருப்பும் அவர் கடையில்தான்.

நோயுற்றவருக்காக வேண்டும்போது அவர் பெயரோடு தாயின் பெயரைச் சேர்த்துச் சொல்வது யூதர் வழக்கம். என் மகன் யூதன் அல்லன் எனினும் அப்பெண்கள் அவனையும் சேர்த்துக்கொண்டனர். ஒருநாள் மருமகளின் கைப்பேசி வழியே அவர்கள் ஓதுவதைக் கேட்க நேர்ந்தது. புரியாத மொழியின் நடுவே தன் பெயர் ஒலிக்கக் கேட்ட என் மனைவி திடுக்கிட்டாள்.

“என் பேரு எதுக்குடி அங்க?”

“நீங்க பெத்ததாலதாங்கம்மா. அவரு பேரு தனியா போகாது. உங்க பேரோடதான் போகும்.”

அச்சொல் அவளை ஆற்றும் என்று மருமகள் எண்ணினாள். அது அவளை அச்சுறுத்தியது. மகனுடைய உயிர் தன் பெயரில் கட்டப்பட்டுத் தொங்குவதாக அவள் கொண்டுவிட்டாள்.

இரண்டாவது காரியம், நாவைக் காப்பது. ஒவ்வொருத்தியும் நாளில் ஒரு மணி நேரத்தைத் தன் பொறுப்பாக ஏற்பாள். அந்நேரத்தில் பிறரைப் பற்றிய குறையை, அது மெய்யே ஆயினும், சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. இதன் உட்பொருளை நான் கேட்டபோது மருமகள் சொன்னாள்:

“ஊருக்கே ஒரு கஷ்டம் வந்தா, இதை யாரு கொண்டுவந்தான்னு கேக்கக் கூடாதுங்கப்பா. நான் என்னைத் திருத்திக்க என்ன இருக்குன்னுதான் கேக்கணும். எல்லாரும் அப்படிக் கேட்டா ஊரே கொஞ்சம் திருந்தும்ல.”

“அப்ப உங்க அப்பா அடுத்தவங்க தமிழைத் திருத்தறதை விடட்டும். மன்னார்குடிக்கே நல்ல காலம் பொறக்கும்,” என்றாள் என் மனைவி, என்னைக் காட்டி. அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். மகன் படுக்கையில் விழுந்தபின் நான் கண்ட முதற்சிரிப்பு அது.

தானும் ஒரு மணி நேரத்தை ஏற்பதாக அவளே முன்வந்தாள். தேர்ந்துகொண்டது தொலைபேசிக்கு முந்திய ஒரு மணி நேரம். தெருவார் அனைவரும் தத்தம் வாயிற்கதவருகே நின்று, அன்றன்று காதில் விழுந்ததையெல்லாம் உரக்கப் பேசிக்கொள்ளும் நேரமும் அதுவே. நாள்கள் செல்லச் செல்ல, தவறி ஒரு சொல் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் அந்நேரத்தில் பேசுவதையே அவள் விட்டுவிட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் தலையசைப்புதான். நம்மவர்க்கு இது இயல்பே. ஆண்டவனிடம் ஒன்றை வேண்டினால் ஈடாக ஒன்றை நேர்ந்துகொள்வோம். நேர்ந்ததில் குறைவு வந்தால் வேண்டியதும் கிட்டாது என்று நடுங்குவோம். நாவுக்குக் காவல் என்று மருமகள் கொடுத்ததை என் மனைவி மௌன விரதமாக்கி, அவ்விரதத்தை மகனுடைய மூச்சோடு முடிந்துவைத்தாள். அந்நேரத்தில் மருமகள் பின்கட்டில் ஓதிக்கொண்டிருப்பாளாதலின் இம்மாற்றத்தை அறியவில்லை. எனக்கு அது மாற்றமாகவே தோன்றவில்லை.

அந்நாள்களில் தொற்றை இன்னார்தாம் கொண்டுவந்தனர் என்று கைப்பேசிகளில் செய்திகள் பரவின. எந்தச் சமயத்தார்மீது அப்பழி சாய்ந்தது என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாலை, பாய் இரண்டு நாளாக இருமுகிறார் என்று எங்கள் தெருவில் பேச்செழுந்தது. பதினைந்து இருபது பேர் கூடிவிட்டனர். கடைவாயிலை அடைத்துக் கட்டச் சவுக்குக் கம்புகளும் வந்துவிட்டன. எதிர்வீட்டுக்காரர், வங்கிப் பணியில் ஓய்வுபெற்றவர், எங்கள் கதவருகே வந்து நின்றார். பள்ளி ஆசிரியையாயிருந்த என் மனைவி உள்ளே முற்றத்துத் தூணருகே அமர்ந்திருந்தாள்.

“டீச்சர், இன்னைக்குக் காலைல நீங்கதானே அங்க அரிசி வாங்கினீங்க? அவரு இருமினாரா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

அவள் விரலை உதட்டின்மேல் வைத்துக்காட்டினாள்.

“சரியாப்போச்சு. வெளிநாட்டு மருமக வந்து டீச்சர் வாய்க்கே பூட்டு போட்டுருச்சு,” என்று ஒருவர் பின்னாலிருந்து சிரித்தார். எதிர்வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா? இருமலேன்னா இல்லைன்னு தலையாவது ஆட்டியிருப்பாங்கள்ல? பழகின மனுஷன், சொல்ல மனசு வரலை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

நான் எழுந்து, நான் உடன் செல்லவில்லை, எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை, உண்மையாயினும் எவருக்கும் பயன்படவில்லை. கூட்டம் தெருக்கோடியை நோக்கி நகர்ந்தது. கடையின் இரும்புக் கதவு கீழிறங்கும் ஓசையும், அதன்மேல் எதையோ கொண்டு தட்டும் ஓசையும் கேட்டன.

ஓசை கேட்டு மருமகள் வெளியே வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் என் மனைவியின் முன் மண்டியிட்டு அமர்ந்தாள்.

“அம்மா, அவரு இருமினாரா?”

இல்லை என்று அவள் தலையசைத்தாள். கண்களில் நீர் வழிந்தது. பிறகுதான் அவர்கள் இருவருக்கும் எனக்கும் ஒருங்கே விளங்கியது, என்ன நேர்ந்துவிட்டது என்று.

“ஐயோ, இது மௌனம் இல்லைங்கம்மா! கெட்டதைப் பேசாம இருக்கறதுதான். ஒரு ஆளுக்கு ஆபத்து வருது, உண்மை உங்களுக்குத் தெரியுது, அப்ப சும்மா இருந்தா அதுவும் பாவந்தான். கோள் சொல்லாதேங்கறதும், பக்கத்து ஆளு ஆபத்துல இருக்கறப்ப பாத்துக்கிட்டு நிக்காதேங்கறதும் எங்க வேதத்துல ஒரே வரியிலதான் வரும்.”

என் மனைவி பேசினாள். அந்நேரத்தில் அவள் குரலைக் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரந்தாண்டி இருக்கு, ஃபோன் வர. என் பேருல அவன் உசிரு தொங்குது. நான் தெருவுல போயி வாயத் தொறந்து, அவனுக்கு ஒண்ணுன்னா?”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. அவரு என் புருஷன்.”

இதைச் சொல்லிக்கொண்டே மருமகள் முகக்கவசத்தை எடுத்து நீட்டினாள். என் மனைவி அவள் முகத்தைப் பார்த்தபடியே அதை வாங்கினாள். கட்டிக்கொண்டு எழுந்தாள். நானும் பின்சென்றேன்.

கடைமுன் இரு கம்புகளை அதற்குள் கட்டிவிட்டிருந்தனர். என் மனைவி பள்ளியில் குரலெழுப்பிப் பழகியவள். பேசுமுன் தொண்டையைச் செருமினாள். அனைவரும் இரண்டடி விலகினர்.

“காலைல நான் நேருக்கு நேரா நின்னேன். பாய் கயித்துக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். குழாய் வழியாத்தான் அரிசியக் கொட்டினாரு. இருமலை, தும்மலை. நல்லாத்தான் இருந்தாரு. நான் பாத்தது இவ்வளவுதான்.”

“அப்புறம் எதுக்கு அப்பவே சொல்லலை?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“பயந்துட்டேன்.”

“பாய்க்குப் பயந்தா?”

“இல்லீங்க. எம் புள்ளைக்கு.”

இருமல் என்று யார் கிளப்பியது என ஒருவர் கேட்டார். அதை அவள் அறிவாள், சொல்லவில்லை. இரும்புக் கதவுக்குப் பின்னிருந்து பாயின் குரல் வந்தது.

“டீச்சரம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க. இந்த வயசுல கூட்டத்துல நிக்காதீங்க. நான் நாளைக்கே தஞ்சாவூரு பெரியாஸ்பத்திரில டெஸ்ட் எடுத்துக் காட்டறேன்.”

கம்புகளை எவரும் அவிழ்க்கவில்லை. ஆனால் தட்டுவது நின்றது. ஒவ்வொருவராகக் கலைந்தனர். மறுநாள் அவர் சொன்னவாறே சோதித்துக்கொண்டார்; நோய் இல்லை என்று வந்தது. கம்புகளை அவரே அவிழ்த்துக்கொள்ள நேர்ந்தது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

நாங்கள் வீடு திரும்பியபோது தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது. மருமகள் எடுத்தாள். கேட்டாள். கேட்டதை எங்களுக்குச் சொன்னாள். மகனால் தானாக மூச்சுவிட இயலவில்லை. தொண்டையில் குழாய் செலுத்தி, மூச்சுக் கருவியில் சேர்த்துவிட்டனர் என்பது செய்தி.

என் மனைவி அழவில்லை. தன் வலக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கையை எடுக்க எங்களால் முடியவில்லை. உணவு கொள்ளவில்லை, எங்கள் முகங்களையும் பார்க்கவில்லை. மருமகள் அவளை விட்டு நகராமல் தரையில் அமர்ந்திருந்தாள்.

“நீங்க உண்மைய சொன்னதுக்கு அவரு உசிர எடுக்கற கடவுளு ஒண்ணு இருந்தா, நான் அதைக் கும்புடலைங்கம்மா. எங்க ஆளுங்க யாரும் கும்புடலை. இது வியாபாரம் இல்லை.”

அச்சொற்களை என் மனைவி ஏற்றாள் என்று நான் எழுதமாட்டேன். அடுத்த நாள் மாலை தன் நேரம் வந்தபோது அவள் மருமகளிடம் வந்து, “பேசிக்கிட்டே இருக்கலாமாடி?” என்று கேட்டாள். நல்லதாகப் பேசலாம் என்றாள் மருமகள். தொலைபேசி வரும்வரை, மகன் குழந்தையாக இருந்தபோது செய்தவற்றை இருவரும் பேசிக்கொண்டிருந்தனர். அச்சத்தோடேதான் பேசினர். மூச்சுக் கருவியில் அவன் கிடந்த நாளெல்லாம் இவ்வாறே கழிந்தது.

மகன் பிழைத்தான். இன்றும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மருமகளின் ஊரில் நாவைக் காத்த பெண்களுள் ஒருத்தி தன் நேரத்தில் ஒருநாளும் வழுவாதவள். அவள் கணவர் அதே மருத்துவமனையில் இறந்தார். நோன்பு மகனைக் காத்தது என்று கூறுவோர் அவளிடம் என்ன கூறுவர்?

குழாய் செலுத்தப்பட்டது தான் வாய் திறக்குமுன்னா, திறந்தபின்னா என்பதை என் மனைவி மகனிடம் ஒருமுறை கேட்டாள். “எனக்கு ஒண்ணுமே நினைவில்லம்மா,” என்றான். அதன்பின் அவள் கேட்கவில்லை. இரு நாட்டு நேரத்தையும் கூட்டிக் கழித்து நானும் பார்த்தேன். துணிந்து சொல்ல முடியவில்லை.

யூத நெறியின் வழக்கங்களை நான் மருமகள் வாயிலாகவே அறிவேன். அவற்றுள் பிழையாக எழுதியிருந்தால் அறிந்தோர் பொறுத்துத் திருத்துவார்களாக. அன்று கடைமுன் நின்றவர்கள், சொற்களையோ நிகழ்ந்த முறையையோ நான் மாற்றியிருப்பதாகக் கருதினால், தயங்காமல் என்னிடம் தெரிவிக்க வேண்டுகிறேன். அந்த நேரக்கணக்கு ஒன்றை மட்டும், தெரிந்தவர் எவரேனும் இருப்பின், என் மனைவி இல்லாத வேளையில் வந்து சொல்லுங்கள்.