குதிகால் இறங்கியது, பேர் டாக்டருக்கு

புண்ணுக்குக் கட்டுப் போடும் தொழிலில் ஒரு நியாயம் உண்டு: ஆறாவிட்டால் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சரியில்லை, ஆறிவிட்டால் டாக்டர் கைராசிக்காரர். புகுந்த வீட்டில் நாள் முழுக்கச் சமைத்தும் பேர் வாங்காத சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

துணி கட்டினவள்

மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கம் எஸ்டேட்டில் லோரி ஓட்டி ஓய்ந்தவர் மணியம். இனிப்புநீரால், சர்க்கரை வியாதிதான், வலது பாதத்தின் முன்பாதியை எடுத்தாகிவிட்டது. மிச்சப் பாதமாவது ஒழுங்காக இருந்ததா? பின்னங்கால் நரம்பு இறுகி, குதிகாலைத் தூக்கிவிட்டது. உடம்புப் பாரமெல்லாம் வெட்டின நுனியில் விழுந்து, அங்கே புண். நான் ஆற்றுவேன், அவர் நடப்பார், அது திறந்துகொள்ளும். இப்படியே போனால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்று பேச்சு வந்தபோது, அவரைவிட நான்தான் பயந்தேன்.

அப்போது வந்தார் புது டாக்டர், என் மகன் வயசு. குதிகாலுக்கு மேலே சின்னதாகக் கீறி, இறுகின நரம்பை நீளமாக்கி, மாவுக்கட்டுப் போட்டார். குதிகால் தரையில் உட்கார்ந்தது, புண்ணும் மூடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ்வளவு நாள் நான் பார்த்ததெல்லாம் என்னண்ணே?" என்று மணியத்திடம் கேட்டேவிட்டேன்.

"நீங்க துணிதானே கட்டினீங்க மிஸ்ஸி. கால நேராக்கினது டாக்டர்லா."

முறுக்கு

தீபாவளிக்கு மணியத்தின் மனைவி சரோஜாக்கா ஒரு டின் முறுக்கோடு வந்தார். நேராக டாக்டர் அறைக்குப் போனார், வெறுங்கையோடு திரும்பினார். பஞ்சை மடித்துக்கொண்டே நான் பார்த்த பார்வை அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க நம்ம வீட்டு ஆளு மாதிரி மிஸ்ஸி. ஒங்களுக்குப் போயி யாராச்சும் மரியாத பண்ணுவாங்களா?"

வாசல் வரைக்கும்

மணியத்துக்கு முன்பக்கம் மெத்தை வைத்த சப்பாத்து, அதாவது ஷூ, கொடுத்து, வீட்டுக்குள்ளும் போடச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் நுனி சிவந்து வந்து நின்றார். விசாரித்தால், சப்பாத்து வாசலோடு சரியாம். சாமி மேடை இருக்கிற வீட்டுக்குள் எப்படிப் போடுவது என்கிறார். டாக்டரின் கைராசி கொஞ்சம் குறையட்டுமே என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி முழங்காலுக்குக் கீழே எடுக்கிற பேச்சு நினைவுக்கு வந்தது. நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்கென்றே ஒரு ஜோடி தனியாகச் செய்யச் சொன்னேன். அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் சரோஜாக்கா உள்ளே சேர்த்தாராம்.

அடுத்த முறை கட்டை அவிழ்த்தேன். சிவப்பு இல்லை, தோல் கெட்டியாக இருந்தது. மணியம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"டாக்டர் வருஷா வருஷம் வந்து காட்டச் சொன்னாரு மிஸ்ஸி. ஒங்ககிட்டதான் இனிமே வர வேணாமாம்."

கட்டுப் போட ஒன்றுமில்லாத அந்தக் காலைப் பார்த்து எனக்கு வந்த வயிற்றெரிச்சல், என்னிடம் வருகிற எல்லாக் காலையும் பார்த்து வரட்டும்.