மூச்சு முடிகிற இடத்தில் ஒரு சத்தம்

காது கேட்காமல் இருந்த காலத்தில் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, வெட்கம் வந்திருக்கிறது. பயம் வந்ததில்லை. பயம் வந்தது காது மெஷின் மாட்டிக்கொண்ட பிறகுதான்.

என் காது ஒரே நாளில் போய்விடவில்லை. கணவர் வளைகுடாவில் வேலை பார்த்த வருடங்களில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. போனை வலது காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தவள் இடது காதுக்கு மாற்றினேன். அப்புறம் ஸ்பீக்கரில் போட்டேன். அதுவும் போதாமல் போனபோது டவரைக் குறை சொன்னேன். அவர் அங்கிருந்து கத்துவார். அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்பது எங்கள் தெருவுக்கே தெரியும், எனக்குத்தான் பாதி புரியாது. குக்கர் விசில் அடிப்பதைக் கண்ணால்தான் பார்ப்பேன். ஆவி பீறிட்டால் ஒன்று, அடங்கி மறுபடி பீறிட்டால் இரண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் திடீரென்று ஊருக்கு வந்துவிட்டார். "கம்பெனிய மூடிட்டாங்க. இனிமே போகல" என்றார். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊரில் அப்படித் திரும்பி வந்த ஆண்கள் நிறையப் பேர். நானும் வேறெதுவும் கேட்கவில்லை. வீட்டில் எங்கள் பேச்சு வாயைப் பார்த்து நடந்தது. அவருக்கு அடர்த்தியான மீசை. உதடு தெரியவில்லை, கொஞ்சம் வெட்டிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டதற்கு முகம் சுளித்தார். ஆனால் மறுநாளே வெட்டிக்கொண்டு வந்து நின்றார். எங்களுக்குள் அப்போது எந்தக் குறையும் இல்லை.

மெஷின் வாங்கவைத்தவள் மகள். மெயின்ரோட்டைக் கடக்கும்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. நான் திரும்பியே பார்க்கவில்லை. லாரி சக்கரம் தேய்ந்து நின்ற புழுதி காலில் பட்டபோதுதான் திரும்பினேன். இறங்கி வந்த டிரைவர் என்னென்னவோ சொன்னார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ சொல்லி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகளுக்குச் செய்தி போயிற்று. அடுத்த வாரமே புதுக்கோட்டையில் காது பரிசோதிக்கிற இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டாள்.

அங்கே இருந்த பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். இரண்டு காதிலும் மாட்டிவிட்டு ஏதோ அழுத்தினாள். அடுத்த நொடி, மேஜையில் அவள் தாளைத் திருப்பிய சத்தம் தகரத்தை இழுத்தது போல என் தலைக்குள் இறங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் குரலே குடத்துக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"மொதல்ல எல்லாச் சத்தமும் பெருசாத்தான் கேக்கும்மா" என்றாள். "எது வேணும், எது வேண்டாம்னு மூளை பழகிக்கணும். அதுவரைக்கும் எதையும் கண்டுக்காதீங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு உள்ளே யாரோ முனகுவதுபோல் கேட்டு, அறை அறையாகத் தேடினேன். ஃபிரிட்ஜ். மறுநாள் மழை இரைந்து வருகிறது என்று ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணிகளை அள்ளினேன். வானம் வெளுத்துக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தைலமரத் தோப்பில் காற்று புகுந்த சத்தம் அது. அவர் வாசலில் நின்று சிரித்தார். "நல்ல மழை போ. கொடை கொண்டாரவா?" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு என் காது சொன்ன எதையும் நான் நம்பத் துணியவில்லை.

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது மதியச் சாப்பாட்டின்போது. அவருக்கு ரசம் ஊற்றக் குனிந்தேன். அவர் நெஞ்சுப் பக்கத்திலிருந்து, மூச்சு விட்டு முடிக்கிற இடத்தில், சாக்கில் சின்ன ஓட்டை விழுந்து நெல் ஒழுகுவது மாதிரி ஒரு சத்தம். கூடவே மெல்லிய சீட்டி. அடுத்த மூச்சிலும் வந்தது. அதற்கடுத்த மூச்சிலும்.

"என்னங்க, சளி பிடிச்சிருக்கா?"

"இல்லையே. ஏன்?"

"நெஞ்சுக்குள்ள ஏதோ சத்தம் கேக்குது."

சோற்றில் இருந்த அவர் கை நின்றது. பிறகு பிசையத் தொடங்கியது. "மெஷின் சத்தமா இருக்கும். எதையும் கண்டுக்காதீங்கன்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சுல்ல."

அடுக்களைக்குப் போய் மெஷினைக் கழற்றிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. மாட்டினேன், இருந்தது. அப்படியானால் மெஷின்தான் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். கழற்றினால் உலகத்தில் எந்தச் சத்தமும்தான் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. ஈயச்சட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

மெஷின் எல்லாருடைய மூச்சையும் அப்படித்தான் கேட்க வைக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த தெருவில் இருக்கிற நாத்தனார் முருங்கைக்கீரையோடு வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து கீரை ஆய்ந்தோம். நான் அவள் பக்கம் சாய்ந்துகொண்டே போனேன்.

"என்ன அண்ணி, இப்படி மேல வந்து விழுறீங்க? அங்கிட்டு எடமா இல்ல?" என்றாள்.

அவள் மூச்சு பஞ்சு போல வந்து போனது. அறந்தாங்கி போகிற டவுன்பஸ்ஸில் ஒரு வயதான அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இறங்கும்வரை அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு வந்தேன். கொஞ்சம் குறட்டை, வேறொன்றும் இல்லை. கடையில், கோயில் வரிசையில், ரேஷனில், பக்கத்தில் நிற்கிற ஆட்களின் நெஞ்சைக் கேட்டுக்கொண்டே திரிந்தேன். யாரிடமும் அந்த நெல் ஒழுகவில்லை.

வீட்டில் அவர் மாறத் தொடங்கினார். எப்போதும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போனார். சத்தத்தைக் கூட்டி வைத்தார். "நாள் பூரா மாட்டிக்கிட்டே இருந்தா காது புண்ணாயிரும். கழட்டி வச்சிரு" என்று அடிக்கடி சொன்னார். நான் கூடத்துக்கு வந்தால் அவர் பின்கட்டுக்குப் போனார். நான் பின்கட்டுக்குப் போனால், வேலியைத் தாண்டித் தைலமரத் தோப்புக்குள் போவது தெரிந்தது.

அப்போதுதான் பழைய காட்சிகள் ஒவ்வொன்றாக வந்தன. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நிற்பார், தோள் இரண்டும் குலுங்கும். வெளியே எதையோ பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்திருக்கிறேன். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பார், முதுகு ஏறி இறங்கும். யாரையோ எதிர்பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக அவர் என் முன்னாலேயே இருமிக்கொண்டு இருந்திருக்கிறார். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டால் போதுமாக இருந்திருக்கிறது.

ஒரு நாள் காலை, பலகாரம் ஆறுகிறதே என்று அவரைத் தேடித் தோப்புக்குள் போனேன். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் சத்தத்தைக் கேட்டேன். இருமல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. பிறகு எதுவுமே இல்லை. மூச்சும் இல்லை. காலடியில் சருகு நொறுங்குவது மட்டும் கேட்டது. பிறகு, தண்ணீர் வற்றிப்போன அடிபம்பை அடிக்கும்போது வெறும் காற்று ஏறி இறங்குமே, அதைப்போல ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.

மரத்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். திரும்பிப் பார்த்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தார்.

"எப்ப வந்த?"

"நீங்க இரும ஆரம்பிச்சப்பவே."

அதற்கு மேல் ஒளிக்க அவருக்குத் தெம்பு இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து, விட்டு விட்டுச் சொன்னார். அங்கே அவர் பார்த்தது இரும்பு டேங்குகளுக்குள் துரு எடுக்கிற வேலை. குழாயில் மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்துத் துருவை உதிர்க்க வேண்டும். உள்ளே ஒரே புகைமூட்டமாக மணல் தூசி. ஆரம்பத்தில் முகமூடி கொடுத்தார்கள். அது கிழிந்த பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார்கள். விசாவைப் புதுப்பிக்க எக்ஸ்ரே எடுத்தபோது நெஞ்சு முழுக்க வெள்ளையாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"கம்பெனி மூடல. அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "ஒனக்குச் சொல்லணும்னா கத்திச் சொல்லணும். கத்துனா தெரு பூராக் கேக்கும். பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கோம்." பிறகு கீழே கிடந்த சருகைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கத்துறதுக்கும் மூச்சு வேணும்ல."

நான் அவர் கையைப் பிடித்துத் தூக்கிக் கூட்டிவந்தேன். இட்லி ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். புதிதாக எடுத்த படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். தூசி உள்ளே போய் நுரையீரல் தழும்பேறிக் கிடக்கிறது, அதைத் திரும்பச் சரியாக்க மருந்து இல்லை, மேலும் கெடாமல் தள்ளிப்போடலாம் என்றார். குளிர், புகை, தூசி ஆகாது. மூச்சோடு உறிஞ்சுகிற மருந்தும் மாத்திரையும் எழுதினார். "இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம்" என்று அவர் சொன்னபோது, இவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும்தான் சொன்னாரோ என்று இருந்தது.

மகளிடம் நான்தான் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. முன்பென்றால் டவர் போய்விட்டது என்று வைத்திருப்பேன். இப்போது அவள் அழுகையை அடக்குவது கேட்டது. "அப்பாட்ட குடும்மா" என்றாள்.

அவர்மேல் எனக்கு இருந்த கோபம் ஆற நாளாயிற்று. செவிட்டுத்தனத்தை ஊரில் எத்தனையோ பேர் கேலி பேசியிருக்கிறார்கள், அது வலித்ததில்லை. அதற்குள் இவர் ஒளிந்துகொண்டிருந்தார் என்பது வலித்தது. பேசாமலே பரிமாறினேன். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போவதை விட்டுவிட்டார். பழையபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்து, மறைக்காமல் இருமினார். ஒரு வாரத்துக்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

காது பரிசோதிக்கிற பெண் மறுபடி வரச்சொல்லியிருந்தாள். இரைச்சல் தொந்தரவு செய்கிறதா, சின்னச் சத்தங்களைக் குறைத்து வைத்துவிடவா, நிம்மதியாக இருக்கும் என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள். வீட்டில் ஆள் சுகமில்லை என்று மட்டும் சொன்னேன்.

இப்போது ஐப்பசி மழை பிடித்துவிட்டது. கண்மாய் பாதி நிறைந்துவிட்டது. சுவரெல்லாம் ஈரம் ஏறியிருக்கிறது. அவர் கம்பளிக் குல்லாவோடு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். நான் காபியோடு பக்கத்தில் போனால், "என்ன, இன்னைக்கு எப்படிக் கேக்குது?" என்று கேட்பார், வானிலை கேட்கிற மாதிரி.

"நேத்து மாதிரிதாங்க" என்பேன்.

நேற்று மாதிரி இல்லை. முதுகில் இடப்பக்கம் கீழே, முன்பு இல்லாத ஒரு சத்தம் இந்த வாரம் சேர்ந்திருக்கிறது. சகதியில் கால் வைத்து எடுப்பதுபோல். மழைச் சத்தமாக இருக்குமோ என்று மழை விட்டதும் கேட்டுப் பார்த்தேன். இருந்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மாத்திரை தீரப்போகிறது, வாங்கிவரலாம் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.