மேட்டுக்கடியில் அடித்த ஹார்ன்

வெதூரியா ஹங்கானு யார் வீட்டிலும் ஒரு முட்டைகூட வாங்கியதில்லை. பதினொரு வருடமாக நான் கூடவே இருந்து பார்த்தவன், சத்தியம் செய்வேன். அவர் எங்கள் ஊராட்சியின் சமூகப் பணியாளர். நான் ஊராட்சிக் காரின் டிரைவர், பெயர் ஃபிலிமோன். ஈஸ்டர் சமயத்தில் யாராவது சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளைப் பின் சீட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாதி வழியில் அதைப் பார்த்தால் காரைத் திருப்பச் சொல்வார், திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு முட்டைக்காக எட்டு கிலோமீட்டரா என்று கேட்டால், "வாங்கித் தின்னுட்டு அந்த வீட்டுல என்னத்தடா பாக்கறது?" என்பார்.

ருமேனியாவில் இருபது வருடத்துக்கு மேல் சமூகப் பணிப் படிப்பையே மூடிவைத்திருந்தார்கள். மறுபடி திறந்தபோது முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் இவரும் ஒருவர். ரயில்வே சிக்னல்காரர் மகள். தொழில் மன்றத்தில் பதிவு செய்த உரிம அட்டையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பார். தன்னைவிட அந்த அட்டைக்குத்தான் வீட்டில் மரியாதை என்று அவர் புருஷனே கடைவீதியில் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்ட மனுஷி பொய் எழுதினார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன்.

கொர்னேஷ்டி மேட்டில் சாஃப்தா என்று ஒரு பெண் இருக்கிறாள். இருபத்தாறு வயது. புருஷன் இத்தாலிக்குத் தக்காளி பறிக்கப் போனவன், போனவன்தான். நாலு வயதில் அனிக்கா என்று ஒரு மகள். போன குளிர்காலத்தில் தாய் கிணற்றுக்குப் போயிருந்த நேரம் குழந்தை அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டது. டாக்டர் எழுதி அனுப்ப, விஷயம் கோர்ட் வரை போய்விட்டது. மாதம் ஒரு தடவை சமூகப் பணியாளர் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும். அதை வைத்துத்தான் குழந்தை தாயிடம் இருக்குமா, வளர்ப்பு வீட்டுக்குப் போகுமா என்று முடிவு.

ஆகஸ்டில் போனார், பார்த்தார், நன்றாகவே எழுதினார். செப்டம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மேட்டுப் பாதை முழுக்கக் களிமண், கார் ஏறாது. எங்கள் பக்கத்தில் மேட்டுக்காரர்களைக் கூப்பிட ஒரு வழக்கம் உண்டு. தபால்காரனும் ரொட்டி வண்டியும் அடிவாரத்துச் சிலுவைக்கிட்ட நின்று மூன்று தடவை ஹார்ன் அடிப்பார்கள், வேண்டியவர்கள் இறங்கி வருவார்கள். நானும் அடித்தேன். கால் மணி நேரம் பார்த்தோம், யாரும் வரவில்லை. அன்று வெதூரியா அக்காவுக்கு முட்டி வலி, இன்னும் ஆறு வீடு பாக்கி. திரும்பிவிட்டோம். "வீட்டுக்குச் சென்றேன், பூட்டியிருந்தது, தாய் இல்லை" என்று அவர் எழுதினார். டிரிப் ஷீட்டில் "கொர்னேஷ்டி, வீட்டு வாசல் வரை" என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்டோபரிலும் அதே மழை, அதே ஹார்ன், அதே வரி.

நவம்பரில் ஒரு புதன்கிழமை காலையில் மாவட்டக் குழந்தைகள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. தாய் கண்காணிப்புக்குப் பிடிகொடுக்காமல் ஒளிகிறாள், வளர்ப்பு வீடு தயார், நாளை பத்து மணிக்கு விசாரணை என்றார்கள். அக்கா போனை வைத்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. வண்டியை எடு என்று மட்டும் சொன்னார்.

சிலுவைக்கிட்ட நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் என் கை ஹார்னுக்குப் போனது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல் பதியும் அளவுக்குப் பிடி. பிறகு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தனியாக ஏறினார். ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தவர் கதவைக்கூடச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு தடவையும் ஹார்ன் கேட்டுச்சாம்."

"அப்புறம் ஏங்க்கா எறங்கி வரல?"

"ரொட்டி வண்டின்னு நெனச்சாளாம். அவ வீட்டுல ரொட்டி வாங்கறதில்லடா. எல்லா வேளைக்கும் சோளக் களிதான்."

இரண்டு நாளும் சாஃப்தா வீட்டிலேயே இருந்திருக்கிறாள். அக்கா பார்க்க வரும் நாள் என்று தரையை மெழுகி, குழந்தைக்குத் தலை சீவி, வெள்ளைக் காலுறை போட்டு உட்காரவைத்து, பொழுது சாயும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இன்று கோர்ட் கடிதத்தை எடுத்துக் காட்டி, நான் எங்கே போயிருந்தேன் மேடம், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டாளாம். கொறித்த விதைத் தோல் இன்னும் காரின் தரையில் கிடந்தது.

அலுவலகத்தில் மேயர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். இன்றைக்குப் போய்ப் பார்த்தீர்கள் அல்லவா, தாய் இருந்தாள், குழந்தை நலம் என்று புதிதாக எழுதிக் கொடுங்கள், பழசை ஏன் கிளறுகிறீர்கள் என்றார். கிளறினால் இத்தனை வருடம் அக்கா கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு ஃபைலையும் பிரிப்பார்கள், உரிமம் போகும், ஊராட்சி பேரும் நாறும். மனிதர் கெட்டவர் இல்லை. நானும் அதையேதான் சொன்னேன், அதுவும் அவரைவிடச் சத்தமாக. எனக்கு இரண்டு பிள்ளைகள். டிரிப் ஷீட்டில் இருப்பது என் கையெழுத்து.

"புதுசா ஒண்ணு எழுதினா, பழைய ரெண்டும் அவ ஓடி ஒளிஞ்சதாவேதான நிக்கும்?" என்றார் அக்கா. "நான் மேல ஏறாததுக்கு அவ புள்ளைய எடுக்கறாங்க."

பழைய தாளைக் கிழிக்கலாம், திருத்தலாம், யாருக்கும் தெரியாது. அவர் கிழிக்கவில்லை. புதுத் தாளில் அன்றைய தேதியைப் போட்டார். செப்டம்பரிலும் அக்டோபரிலும் நான் வீட்டுக்குப் போகவில்லை, அடிவாரத்தில் ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பினேன், எழுதியது பொய் என்று நாலே வரி. கீழே பதிவு எண். என் பேர் அதில் வராது என்று என்னிடம் சொன்னார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை கோர்ட் வாசலில் குழந்தைகள் அலுவலகத்து வேன் நின்றது. பின் சீட்டில் குழந்தை உட்காரும் சின்ன நாற்காலியை ஏற்கனவே கட்டிவைத்திருந்தார்கள். அதை நான் பார்த்திருக்கக் கூடாது. சாஃப்தா வெளியூர்ப் பஸ்ஸில் வந்திருந்தாள். அனிக்கா கம்பளித் தொப்பியோடு நடைபாதை முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். இடது கையில் சுட்ட தழும்பு ரோஜா நிறத்தில் பளபளத்தது. வளர்ப்புத் தாயாக வந்திருந்த அம்மாள் குழந்தைக்கு பிஸ்கட் நீட்டினாள். குழந்தை தாயைப் பார்த்தது. சாஃப்தா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

அக்காவையும் சாஃப்தாவையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். குழந்தையை என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனாள் தாய். இருபது நிமிடம். பூட்ஸ் முனையால் என் காலை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தது அது.

பிறகு குமாஸ்தா எட்டிப் பார்த்து ஃபிலிமோன் யார் என்று கேட்டார். எழுந்து போனேன்.

உள்ளே நடந்தது இதுதான். அக்கா தன் நாலு வரியைக் கொடுத்திருக்கிறார். குழந்தைகள் அலுவலகத்து வக்கீல் சும்மா இருப்பாரா? இந்த அம்மாள் இரக்கப்பட்டு இப்போதுதான் பொய் சொல்கிறார், கார் வாசல் வரை போனதற்கு இதோ டிரைவர் கையெழுத்து என்று, அறிக்கையோடு ஊராட்சியிலிருந்து போன என் டிரிப் ஷீட் இரண்டையும் எடுத்து நீட்டிவிட்டார். நான் சோம்பேறித்தனமாகக் கிறுக்கிய வரி, குழந்தையை வேனில் ஏற்ற வந்து நிற்கிறது.

நீதிபதி சின்ன வயதுப் பெண், சளி பிடித்த குரல். கார் வீட்டு வாசல் வரை போனதா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாஃப்தா என்னைப் பார்த்தாள். மேயர் முகம், என் மனைவி முகம் எல்லாம் வந்துபோனது. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை பத்திரம்.

"போகல மேடம்," என்றேன். "சிலுவைக்கிட்டயே நின்னுட்டோம். ஹார்ன் அடிச்சது நான்தான். ஷீட்ல பொய்யா எழுதினதும் நான்தான்."

குழந்தை தாயிடமே இருக்கட்டும், வேறொரு சமூகப் பணியாளர் முப்பது நாளுக்குள் நேரில் பார்த்து எழுதட்டும் என்றார் நீதிபதி. அக்காவின் விவகாரம் அவருடைய தொழில் மன்றத்துக்குப் போகும் என்றும் சொன்னார். போனது. ஒரு வருடம் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். அக்கா அட்டையை மன்றத்துக்குத் தபாலில் திருப்பி அனுப்பியபோது பதிவுத் தபாலா சாதாரணத் தபாலா என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஆறு மாதம் பயணப் படி இல்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமையைச் சொல்ல வேண்டும். வெளியே வந்ததும் சாஃப்தா அழுவாள், அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு அக்காவுக்கு நேராக வந்து நின்றாள்.

"ரெண்டு மாசமா ராத்திரி கதவுக்குக் கட்டைய முட்டுக்குடுத்துட்டுப் படுக்கறேன், எவனாவது வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவானோன்னு. உங்களுக்கு மேல ஏறி வர கால் வலிச்சுதா?"

அக்கா ஆமாம் என்றார். மன்னிப்புகூட அப்புறம்தான் கேட்டார். பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்ததால் தாயும் மகளும் எங்கள் காரிலேயே வந்தார்கள்.

சிலுவைக்கிட்ட நிறுத்தினேன். அக்கா பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினார். இனி அவருக்கு அந்த வீட்டில் வேலை இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. நானும் இறங்கினேன். சாஃப்தா முன்னால், நடுவில் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நான் அனிக்காவைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினோம். களிமண் வழுக்கத்தான் செய்தது. வாசலை அடைந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். சிலுவையிலிருந்து ஏறி வரப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.