கிணற்றுக்குக் கட்டிய கொசுவலை

அனந்தபுரம் சந்தையில் மல்லாட்டை மூட்டைகளை (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) இறக்கிக்கொண்டிருந்தேன். ஏரியில் மீன் பிடிக்கும் சிங்கவரத்துக் கன்னியப்பன் எதிரே வந்து நின்றான். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன், அன்றைக்குத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். "என்னப்பா?" என்றேன். "நம்ம டாக்டரு பூட்டாரு நைனாரே. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாராம், அவ்ளோதான்" என்றான். மூட்டைகளை எடை போட்டது யார், வண்டியை ஓட்டி வந்தது யார் என்று எனக்கு நினைவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் செஞ்சிக் கடைத்தெருவில் டாக்டர் அருளப்பனிடம் மருந்து வாங்கிக் குடிக்காதவர்கள் குறைவு. அவர் உயிர் காத்த கதைகள் உங்களிடம் நிறைய இருக்கும், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நான் பழகியது மீன் பைத்தியம் பிடித்த அருளப்பனோடு. மேல்சித்தாமூர்ச் சமணனுக்கும் மீன்காரக் கிறிஸ்தவருக்கும் அப்படி என்னய்யா சிநேகம் என்று இரண்டு பக்கத்திலும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் கோயிலில் யாருக்கோ வைத்தியம் பார்க்க வந்தவர், வாசலுக்கு மேலே செதுக்கியிருக்கும் எட்டு மங்கலச் சின்னங்களான அட்டமங்கலத்தில் இணைக்கயலை, அந்த இரட்டை மீனைப் பார்த்துவிட்டு, "இது இன்னா மீனு? கெண்டையா, கெளுத்தியா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அது மங்கலப் பொருள், குழம்புக்கு இல்லை" என்றேன். அவர் சிரித்தார். "செதுக்கினவன் ஏதோ ஒரு மீனைப் பார்த்துத்தானே செதுக்கியிருப்பான்? மீசை இருந்தா கெளுத்தி. இவ்ளோ உசரத்துல எனக்குத் தெரியலை" என்று போய்விட்டார். அன்று மாலையே நான் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். மீசை இல்லை. மறுநாள் வேலையை விட்டுவிட்டுச் செஞ்சிக்குப் போய் அதைச் சொன்னேன். அவர் தூண்டிலில் நான் சிக்கியது அப்படித்தான்.

கோடையில் ஏரி வற்றினால் ஊரே ஊத்தாவோடு சேற்றில் இறங்கும். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மேலிருந்து சேற்றில் குத்தி, உள்ளே அகப்பட்டதைக் கைவிட்டு எடுப்பார்கள். ஒருமுறை டாக்டரும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். நான் கரையில் நின்றேன், வேறென்ன செய்வேன்? கூடைக்குள் கைவிட்டவர் "ஐயோ" என்றார். கெளுத்தி முள் குத்திவிட்டது. பதறிப்போய்க் கூப்பிட்டால், "பேசாதீங்க நைனாரே! வலி முழங்கைக்கு ஏறுதான்னு பாக்கறேன்" என்று கத்துகிறார். "ஊரு சனத்துக்குக் குத்தினா டாக்டருகிட்ட ஓடுவோம், டாக்டருக்கே குத்தினா எங்க ஓடறது?" என்று கன்னியப்பன் கேட்டதற்கு எல்லாருக்கும் முந்திச் சிரித்தவர் அவர்தான். வலி தோள்வரை போனதாம். அதை ஏதோ சீர்வரிசை வந்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

"தெரியாதுன்னு சொன்னா நோயாளி பயப்படுவான், மீனு பயப்படாது" என்பார். ஏரி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, மழை பெய்ததும் விரால் எங்கிருந்து வருகிறது என்று ஊர் ஊராகக் கேட்பார். வானத்திலிருந்து விழுகிறது என்று சொன்னவனிடமும், "நீ பார்த்தியா, கேட்டியா?" என்று மரியாதையாகவே கேட்பார்.

யுத்த காலத்தில் என் மனைவி ஜினமதிக்கு முறைக்காய்ச்சல், அதுதான் மலேரியா, வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். நாலு போர்வை போர்த்தினாலும் கட்டில் ஆடும். அதற்கு மருந்தான கொய்னா ஜாவாவிலிருந்துதான் வரும்; ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு அது கண்ணில் காணக் கிடைக்கவில்லை. டாக்டர் தம்மிடமிருந்த கடைசி மாத்திரைகளைக் கொடுத்தார். காய்ச்சல் விட்டது, பிறகு மறுபடியும் வந்தது. "இனிமே மாத்திரை இல்லை. கொசுவைத்தான் பார்க்கணும்" என்று சொல்லி எங்கள் கிணற்றடிக்கு வந்தார்.

நாங்கள் தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்போம். வடிகட்டிய துணியை உதற மாட்டோம். அதில் தங்கிய உயிர்கள் சாகக் கூடாது என்று நல்ல தண்ணீரால் அலசி, அந்த நீரை அதே கிணற்றில் மெதுவாக விடுவோம். ஜினமதி நடுங்கும் கையால் அதைச் செய்வதை டாக்டர் பார்த்தார். அலசிய நீரைக் கண்ணாடிக் குவளையில் வாங்கி வெயிலில் பிடித்தார். கூத்தாடிப் புழுக்கள். "சாதாக் கொசுப்புழு தலைகீழாத் தொங்கும். இது மட்டமாப் படுத்திருக்குது பாருங்க, காய்ச்சல் கொசு இதுதான்" என்றார். பிறகு அந்த நீரைக் கீழே கொட்டாமல், எங்களைப் போலவே திரும்பக் கிணற்றில் விட்டார். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அவர் வீட்டுக் கண்ணாடி ஜாடியில் தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன மீன்களை வளர்த்தார். கூத்தாடியைக் கண்டால் விடாது. அதில் நாலைக் கிணற்றில் விட்டால் போதும் என்றார். நான் முடியாது என்றேன். தின்பது மீன்தான், ஆனால் தின்னவென்று விடுபவன் நான், பாவம் எனக்குத்தானே. பெண்டாட்டி காய்ச்சலில் கிடக்கும்போது என்ன பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். ஜினமதிதான் போர்வைக்குள்ளிருந்து, "வேணாம்" என்றாள்.

வேறொருவராயிருந்தால் "எக்கேடோ கெட்டுப்போங்க" என்று கிளம்பியிருப்பார். டாக்டர் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பொறந்ததைக் கொல்லக் கூடாது, சரி. பொறக்காம பார்த்துக்கிட்டா உங்க சாமி கோவிச்சுக்குமா?" என்றார். மறுநாள் தம் கட்டிலில் கட்டியிருந்த கொசுவலையை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். துணிக்கும் ரேஷன் இருந்த நாள் அது. கொசு உள்ளே போய் முட்டையிடாதபடி கிணற்று வாயில் மூங்கில் சட்டம் கட்டி, வலையை இழுத்துத் தைத்து, வாளி இறங்க ஒரு மூடியும் வைத்தோம். "உள்ளே இருக்கும் புழுக்கள்?" என்று கேட்டேன். "கொசுவாகி வந்தா மூடியைத் திறந்து விடுங்க, பறந்து போவட்டும். யாரைக் கடிக்கிறதுன்னு கேட்டா எங்க வீட்டைக் காட்டுங்க, அங்கதான் இப்ப வலை இல்லை" என்றார். அவர் மனைவி மரியம்மாள் அம்மா அதற்காக என்னையும் சேர்த்துத் திட்டினார். அடுத்த மழைக்காலத்தில் ஜினமதி நடுங்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு மரியம்மாள் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு ஜாடியைக் காட்டினார். "இதுங்களை இன்னா பண்றது நைனாரே? கொழம்புக்கும் ஆவாது. ஏரியில விடலாம்னா அதுவும் காஞ்சி கெடக்குது." அழுகையும் சிரிப்புமாகத்தான் சொன்னார். நான் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மல்லாட்டை நைனார் மீனோடு வருகிறார் என்று எங்கள் தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

ஜினமதி ஜாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க விடப் போறீங்க?" என்றாள். நான் கிணற்றைப் பார்த்தேன். "விடுங்க. உசுருதானே" என்று அவளே மூடியைத் திறந்தாள். மீன்களை விட்ட பிறகுதான் அவளுக்கு யோசனை வந்தது: "வலை போட்ட கிணத்துல கூத்தாடி ஏது? இதுங்க எதைத் தின்னும்?"

சோற்றைப் பொடித்துப் போட்டோம். மீன்கள் திரும்பியும் பார்க்கவில்லை. 'அசையறதைத்தான் தின்னும்' என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் வேலை வெட்டியை விட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடியே கிடந்தோம். பசியில் செத்துப்போகுமோ, அவரை இரண்டாம் முறை பறிகொடுப்போமோ என்று பயந்தேன். இன்று காலை தண்ணீர் சேந்த வாளியை இறக்கினேன். நீர் அலம்பியது. சோற்றுப் பொடி அசைந்தது. ஒரு வெள்ளிப் பொட்டு விருட்டென்று வந்து கவ்வியது, விழுங்கியது. அடுத்ததும் வந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது நைந்துபோன ஒரு கொசுவலை, அதன் கீழே சில மீன்கள், எதையாவது பார்த்தால் ஓடிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்ற பரபரப்பு. கயிற்றை ஜினமதி கையில் கொடுத்துவிட்டுச் செஞ்சி பஸ்ஸுக்குத் தெருமுனைவரை ஓடிவிட்டேன். அங்கே போன பிறகுதான் நினைவு வந்தது.